பௌத்தம் பழகத் தொடங்குவோருக்கு: எது முதலில், எது பிறகு

பௌத்தத்தை அறிய வருகிறவர்களில் ஒரு பகுதியினர் தியானச் செயலி ஒன்றைத் தரவிறக்கிக்கொண்டு கண்ணை மூடி உட்காருகிறார்கள். இன்னொரு பகுதியினர் 'ஆன்மா இல்லை என்றால் மறுபிறவி எடுப்பது யார்?' என்ற கேள்வியோடு வந்து, மாதக்கணக்கில் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆர்வத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புதிதாக வந்தவர்களிடம் புத்தர் இந்த இரண்டிலிருந்தும் தொடங்கியதில்லை.

புத்தரின் உரைகளைத் தாங்கிய பழைய பாலி மொழி நூல்களில் 'அனுபுப்பிகதா' என்றொரு முறை திரும்பத் திரும்ப வருகிறது. படிப்படியாகச் சொல்லிச்செல்லும் பேச்சு அது. வாரணாசிச் செல்வரின் மகன் யசன் வீட்டு வாழ்க்கை கசந்து இரவோடு இரவாகக் கிளம்பி வந்தான். சுப்பபுத்தன் என்ற தொழுநோயாளி, சோறு போடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக் கூட்டத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். இருவரிடமும் புத்தர் பேசிய வரிசை ஒன்றே. முதலில் தானம், அடுத்து சீலம், அவற்றால் கிட்டும் நற்கதி, பிறகு புலனின்பங்களின் குறை, அவற்றிலிருந்து விலகுவதன் நன்மை. கேட்பவரின் மனம் இளகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் துக்கத்தையும் அதன் நீக்கத்தையும் சொல்லும் நான்கு உண்மைகளைப் பற்றி வாய் திறந்தார்.

இந்த வழிகாட்டியும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் போகிறது. ஒவ்வொரு படியிலும் படிப்பதற்குக் கொஞ்சம், செய்வதற்குக் கொஞ்சம் இருக்கும். செய்வதை விட்டுவிட்டுப் படிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் அடுத்த படி வெறும் தகவலாகத்தான் தெரியும்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

சித்தார்த்த கௌதமர் சாக்கியர் குலத்தில், இன்றைய நேபாளத்தில் இருக்கும் லும்பினியில் பிறந்தவர். 29 வயதில் வீட்டை விட்டு வெளியேறினார். ஆளார காலாமர், உத்தக ராமபுத்தர் என்ற இரண்டு ஆசிரியர்களிடம் தியானம் கற்றார். அது போதவில்லை. உடலை வருத்தும் கடுந்தவத்தில் எலும்பும் தோலுமானார். அதுவும் பயன்படவில்லை. இன்று புத்தகயா எனப்படும் இடத்தில், 35 வயதில் விழிப்படைந்தார். சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்கு முதல் பேருரை. அதன்பின் 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து கற்பித்து, 80 வயதில் குசிநகரத்தில் மறைந்தார்.

அவர் கடவுளும் இல்லை, கடவுளின் தூதரும் இல்லை. 'முயல வேண்டியவர்கள் நீங்கள். ததாகதர்கள் வழியைச் சொல்பவர்கள் மட்டுமே' என்ற பொருளில் தம்மபதம் என்ற பழைய பௌத்த நூலில் ஒரு செய்யுள் இருக்கிறது. ததாகதர் என்பது புத்தரைக் குறிக்கும் பெயர். கடைகளில் தொப்பையும் சிரிப்புமாக உட்கார்ந்திருக்கும் பொம்மை இவருடையது அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அவர் புதாய் என்ற சீனத் துறவி.

படி 1: பெரிய கேள்விகளைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள்

மாலுங்கியபுத்தர் என்ற பிக்குவுக்கு, அதாவது பௌத்தத் துறவிக்கு, பொறுமை போய்விட்டது. உலகம் என்றும் உள்ளதா, முடிவுள்ளதா? உயிரும் உடலும் ஒன்றா, வேறா? இறந்தபின் ததாகதர் இருக்கிறாரா, இல்லையா? பதில் சொல்லாவிட்டால் துறவை விட்டுப் போய்விடுவேன் என்று புத்தரிடமே சொன்னார்.

நஞ்சு தோய்ந்த அம்பு தைத்த ஒருவனைப் பற்றிப் புத்தர் பேசினார். மருத்துவர் வந்து நிற்கிறார். எய்தவன் என்ன குலம், குட்டையா நெட்டையா, வில் எந்த மரத்தில் செய்தது, நாண் எதில் முறுக்கியது என்பதெல்லாம் தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்று அடிபட்டவன் பிடிவாதம் பிடிக்கிறான். பதில்கள் வந்துசேரும் முன் அவன் செத்துப்போவான்.

உங்களிடமும் இப்படிக் கேள்விகள் இருக்கும். ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். அவற்றை மறந்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தினமும் தூக்கிச் சுமக்க வேண்டாம், அவ்வளவுதான்.

படி 2: கொடுத்துப் பழகுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலான அறிமுக நூல்கள் தாண்டிப் போகின்றன. தியானத்தைவிட இது எளிமையாகத் தெரிவது ஒரு காரணமாக இருக்கலாம். எளிமையானது என்பதால்தான் இது முதலில் வருகிறது என்று நான் நினைக்கிறேன். பற்று என்று பின்னால் பேசப்போகும் விஷயத்தை உடலால் உணர இதைவிட நேரான வழி கிடையாது. ஒன்றைக் கொடுக்கக் கை நீளும்போது உள்ளே ஏதோ பின்னுக்கு இழுக்கிறதே, அதைப் பார்த்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

தானம் என்றதும் பெரிய தொகையை நினைக்க வேண்டாம். பாத்திரம் கழுவிய நீரைக் குட்டையில் கொட்டும்போது 'இங்கே இருக்கும் உயிர்கள் இதில் பிழைக்கட்டும்' என்று நினைத்துக் கொட்டினால் அதுவும் புண்ணியமே என்று வச்சகோத்தர் என்ற நாடோடித் துறவிக்குச் சொன்னார் புத்தர்.

ஒரு வாரத்துக்கு நாள்தோறும் ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். பணம், உணவு, ஒரு மணி நேரம், குறுக்கிடாமல் கேட்கும் காது, எதுவானாலும் சரி. மூன்று இடங்களில் மனத்தைக் கவனியுங்கள்: கொடுக்கும் முன், கொடுக்கும்போது, கொடுத்தபின். மூன்று நேரத்திலும் மனம் மகிழ்ந்திருந்தால்தான் அது நிறைவான தானம் என்பது மரபு. மூன்றாவதில்தான் நம்மில் பலர் வழுக்குகிறோம். 'நன்றிகூடச் சொல்லவில்லையே' என்ற முணுமுணுப்பு அங்கேதான் தலைகாட்டும்.

படி 3: ஐந்து சீலங்கள்

உயிரைக் கொல்லாமை, கொடுக்காததை எடுக்காமை, தவறான பாலுறவில் ஈடுபடாமை, பொய் சொல்லாமை, மதியை மயக்கும் போதையை ஏற்காமை. இவை கட்டளைகளாகச் சொல்லப்படவில்லை. 'இந்தப் பயிற்சி விதியை ஏற்கிறேன்' என்று தானாக முன்வந்து எடுத்துக்கொள்பவை. மீறினால் தண்டிக்க மேலே ஒருவர் உட்கார்ந்திருப்பதாகவும் இல்லை. தவறினால் தவறினோம் என்று ஒப்புக்கொண்டு மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையும் தானம் என்றே சொல்லும் ஒரு சுத்தம் உண்டு. சுத்தம் என்பது புத்தரின் உரை. ஒருவர் கொலையை விட்டால் எண்ணற்ற உயிர்களுக்கு அஞ்சாமையைக் கொடுக்கிறார் என்கிறது அது. நீங்கள் பொய் பேசமாட்டீர்கள், கைவைக்கமாட்டீர்கள் என்று தெரிந்தவர் உங்கள் அருகில் பயமில்லாமல் இருக்கலாம். முந்தைய படியிலிருந்து இந்தப் படிக்கு வரும் வழி இதுதான்.

ஐந்தில் அன்றாடம் சோதனை வைப்பது பேச்சு. பொய்யோடு சேர்த்துக் கோள், கடுஞ்சொல், வீண்பேச்சு என்ற மூன்றையும் விடச் சொல்கிறது, ஐந்தாம் படியில் வரப்போகும் எண்வழிப் பாதையின் நன்மொழி. வாயைத் திறக்கும் முன் பார்த்துக்கொள்ள ஐந்து அளவுகோல்களும் உண்டு: தக்க நேரமா, உண்மையா, மென்மையா, பயனுள்ளதா, அன்பிலிருந்து வருகிறதா. தொலைபேசியில் ஒரு பதிலைத் தட்டச்சு செய்துவிட்டு அனுப்பும் முன் இந்த ஐந்தையும் ஓட்டிப் பாருங்கள். அனுப்பாமல் அழிப்பவை எத்தனை என்று தெரியும்.

தன் மகன் ராகுலனுக்குப் புத்தர் கொடுத்த பயிற்சி இதற்குத் துணையாக வரும். செயலோ சொல்லோ எண்ணமோ, செய்யும் முன், செய்யும்போது, செய்தபின் என மூன்று முறை அதைப் பார்க்க வேண்டும்: இது எனக்கோ பிறர்க்கோ தீங்கு தருமா? ராகுலன் அப்போது சிறுவன். பெரியவர்களுக்கு இதற்குமேல் வேறு பாடம் தேவைப்படும் என்று தோன்றவில்லை.

படி 4: மூச்சோடு உட்காருங்கள்

இப்போது தியானம். மனம் ஓரளவு உறுத்தலின்றி இருந்தால் உட்காருவதும் எளிதாகிறது. சீலத்தை முன்னால் வைத்ததற்கு நடைமுறைக் காரணம் இது. காலையில் ஒருவரை ஏமாற்றிவிட்டு மாலையில் மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் மூச்சு தெரியாது, அந்த முகம்தான் தெரியும்.

தரையிலோ நாற்காலியிலோ முதுகு நிமிர உட்காருங்கள். முதல் மாதம் 10 முதல் 15 நிமிடம் போதும், ஆனால் நாள்தோறும் வேண்டும். மூச்சை ஆழமாக இழுக்கவோ அடக்கவோ வேண்டாம். இது பிராணாயாமம் இல்லை. நீண்ட மூச்சு வந்தால் நீண்டது என்றும், குறுகியது வந்தால் குறுகியது என்றும் தெரிந்துகொண்டிருந்தால் போதும். ஆனாபானசதி சுத்தம் 16 நிலைகளைச் சொல்கிறது. இது அதன் முதல் இரண்டு. புதியவருக்குப் பல மாதங்களுக்கு இதுவே போதுமானது.

மனம் ஓடும். ஓடியது தெரிந்ததும் திரும்பி வாருங்கள். எண்ணமே இல்லாத நிலை வரவேண்டும் என்று காத்திருக்கிறவர்கள்தான் மூன்றாம் வாரத்தில் 'எனக்கு இது ஒத்துவராது' என்று எழுந்துவிடுகிறார்கள். ஓடியதைக் கண்டுகொள்ளும் அந்தக் கணமே பயிற்சி.

இடையில் வரும் தொல்லைகளுக்கு மரபில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஐந்து தடைகள்: புலனாசை, வெறுப்பு, சோம்பலும் தூக்கமும், பரபரப்பும் வருத்தமும், ஐயம். எது வந்திருக்கிறது என்று பெயர் சொல்லி அடையாளம் காணுங்கள். தூக்கம் வந்தால் கண்ணைத் திறங்கள், எழுந்து நடங்கள். புத்தரே தம் சீடர் மொக்கல்லானருக்கு இப்படிப்பட்ட யோசனைகளைத்தான் சொன்னார். எதற்கும் தூக்கம் போகாவிட்டால் படுத்துக்கொள்ளலாம் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு!

கடும் மனச்சோர்வோ மனநோய்க்கான சிகிச்சையோ இருந்தால், பேசாமல் பத்து நாள் உட்காரும் முகாம்களில் முதலிலேயே சேர வேண்டாம். மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

படி 5: நான்கு உண்மைகளை நான்கு வேலைகளாக எடுத்துக்கொள்ளுங்கள்

துக்கம், துக்கத்தின் காரணம், துக்க நீக்கம், நீக்கத்துக்கான வழி. இந்த நான்கையும் ஒப்பிக்க எல்லாருக்கும் தெரியும். சாரநாத் உரையில் அடுத்து வரும் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வோர் உண்மைக்கும் ஒரு வேலையை அங்கே புத்தர் ஒதுக்குகிறார். துக்கம் முழுமையாக அறியப்பட வேண்டியது. அதன் காரணம் கைவிடப்பட வேண்டியது. நீக்கம் நேரில் காணப்பட வேண்டியது. வழி வளர்க்கப்பட வேண்டியது.

வேலைகள் இடம் மாறிவிட்டால் எல்லாம் குழம்பும். நாம் வழக்கமாகத் துக்கத்தைக் கைவிடப் பார்க்கிறோம்: மறக்கிறோம், ஓடுகிறோம், திரையைத் தடவுகிறோம். அதன் காரணத்தையோ வளர்த்துக்கொண்டே இருக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டோடு போகலாம். நாலு பேர் முன்னிலையில் உங்கள் வேலையை ஒருவர் குறை சொல்கிறார். முகம் சூடாகிறது, நெஞ்சு இறுகுகிறது.

*முதல் வேலை, அறிவது.* பிறப்பு, முதுமை, பிணி, சாவு என்பவற்றோடு வேண்டாதவரோடு சேர்ந்திருப்பதும், வேண்டியவரைப் பிரிவதும், விரும்பியது கிட்டாததும் துக்கப் பட்டியலில் இருக்கின்றன. நம் எடுத்துக்காட்டு கடைசி வகையைச் சேர்ந்தது. அந்தச் சூட்டையும் இறுக்கத்தையும் உடலில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவர் செய்தது சரியா தவறா என்ற வழக்கை அப்புறம் நடத்தலாம். இரவு படுக்கையில் 'அப்படிக் கேட்டிருக்கணும், இப்படிச் சொல்லியிருக்கணும்' என்று ஓடுவது முதல் வலி அல்ல. அதன் மேல் நாமே எய்துகொள்வது. ஓர் அம்பு தைத்தவன் மேல் இரண்டாம் அம்பும் பாய்வது போல என்று சல்ல சுத்தம் இதைத்தான் சொல்கிறது. பழகியவருக்கும் முதல் அம்பு வலிக்கும். இரண்டாவது அவருக்கு இல்லை.

*இரண்டாம் வேலை, கைவிடுவது.* காரணம் வேட்கை. அது மூன்று விதம்: இன்பத்துக்கான வேட்கை, ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும் என்ற வேட்கை, இல்லாமல் போய்விட வேண்டும் என்ற வேட்கை. 'எல்லாரும் என்னைத் திறமைசாலி என்று நினைக்க வேண்டும்' என்பது இரண்டாம் வகை. 'பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை' என்பது மூன்றாம் வகை. ஒரே அவமானத்தில் இரண்டும் மாறி மாறி வருவதைப் பார்க்கலாம்.

எந்த ஆசையும் கூடாது என்று இதற்குப் பொருள் கொண்டுவிடாதீர்கள். ஆசையை ஆசையால் ஒழிக்க முடியாதே என்று உண்ணாபர் என்ற பிராமணர் புத்தரின் சீடர் ஆனந்தரிடம் மடக்கினார். 'இந்தத் தோட்டத்துக்கு வரவேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு இருந்ததா? வந்து சேர்ந்ததும் அது அடங்கிவிட்டதா?' என்று ஆனந்தர் திருப்பிக் கேட்டார். பாதையில் நடக்க விருப்பம் வேண்டும்.

*மூன்றாம் வேலை, காண்பது.* நிப்பானம் (நிர்வாணம்) என்ற பேரிலக்கைச் செத்தபின் போகும் ஊராக நினைத்துக்கொள்கிறோம். நூல்கள் சொல்லும் விளக்கம் நேரானது: காமம், வெகுளி, மயக்கம் மூன்றும் அற்றுப்போதல். 'காமம் வெகுளி மயக்கம் இவைமூன்றன் நாமம் கெடக்கெடும் நோய்' என்ற குறளைப் படித்தவருக்கு இந்த மூன்றும் புதிதாக இராது. முழு நீக்கம் தொலைவில் இருந்தாலும் அதன் சிறு மாதிரி இன்றே கிடைக்கும். அந்தக் கோபம் எப்படியும் ஒரு நேரத்தில் தணியும். தணிந்த மனத்தை, தணிந்திருக்கிறது என்று கவனியுங்கள். கோபம் வந்ததைக் குறித்துக்கொள்ளும் நாம் அது போனதைக் கவனிப்பதே இல்லை.

*நான்காம் வேலை, வளர்ப்பது.* எண்வழிப் பாதை: நற்காட்சி, நல்லெண்ணம், நன்மொழி, நற்செயல், நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி (விழிப்பான கவனம்), நல்லமைதி. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் எட்டு வகுப்புகளாக இவற்றை எண்ண வேண்டாம். எல்லாம் சேர்ந்தே வளர்பவை. மொழி, செயல், வாழ்க்கை மூன்றும் சீலம். முயற்சி, கடைப்பிடி, அமைதி மூன்றும் சமாதி, அதாவது மன ஒருமை. காட்சியும் எண்ணமும் ஞானம். மூன்றாம், நான்காம் படிகளில் நீங்கள் செய்தவற்றை இங்கே வைத்துப் பார்த்தால் பாதையில் முக்கால் பங்கை ஏற்கெனவே தொட்டிருப்பது தெரியும். நல்வாழ்க்கை என்பது பிழைப்பைக் குறிக்கும். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, நஞ்சு ஆகிய ஐந்து வணிகங்களை இல்லறத்தார் தவிர்க்கச் சொல்கிறது மரபு.

முயற்சி மிகுந்துவிடும் ஆட்களும் உண்டு. நடைதியானத்தில் பாதம் வெடித்து ரத்தம் கசிய நடந்த சோணர் என்ற பிக்குவிடம், அவர் வீணை வாசித்த நாட்களைப் புத்தர் நினைவூட்டினார். நரம்பு மிக இறுகினாலும் நாதமில்லை, தளர்ந்தாலும் நாதமில்லை.

படி 6: நிலையாமை, நானின்மை

இவை இரண்டும் ஆறாம் படியில் வருவதற்குக் காரணம் உண்டு. மனம் அமைதியாகாதபோது 'நான் என்று எதுவும் இல்லை' என்ற வாக்கியம் ஒன்று அச்சுறுத்தும், அல்லது விவாதத்தில் வீசும் கல்லாகிவிடும்.

நாம் 'நான்' என்று சேர்த்துப் பிடிப்பதைப் பௌத்தம் ஐந்து கந்தங்களாக, அதாவது தொகுதிகளாக, பிரிக்கிறது. மணிமேகலை இவற்றுக்கு உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று பெயர் தருகிறது. ஐந்து துறவிகளுக்குச் சொன்ன இரண்டாம் உரையில் புத்தரின் வாதம் எளியது: இந்த உடல் நான் என்றால், 'இப்படி இரு, நோயுறாதே' என்று அதற்கு ஆணையிட முடிய வேண்டும். முடியவில்லை. உணர்ச்சிக்கும் எண்ணத்துக்கும் இதுவே பொருந்தும். ஆகவே ஒவ்வொன்றையும் 'இது என்னுடையது அல்ல, இது நான் அல்ல' என்று பார்க்கச் சொல்கிறார்.

ஆனால் 'ஆன்மா உண்டா?' என்று வச்சகோத்தர் நேராகக் கேட்டபோது புத்தர் பேசாமல் இருந்தார். 'அப்படியானால் இல்லையா?' என்றபோதும் பேசவில்லை. எனவே நானின்மையை ஒரு கொள்கையாக நம்பி முழங்க வேண்டிய அவசரம் உங்களுக்கும் இல்லை. உட்கார்ந்திருக்கையில் ஓர் அரிப்பு வரட்டும். சொறியாமல் அது தோன்றி, ஏறி, மங்குவதைப் பாருங்கள். அதை நீங்கள் வரவழைத்தீர்களா? போகச் சொன்னதால் போனதா?

ஒன்றைச் சார்ந்து இன்னொன்று தோன்றுவதைக் காட்டும் சார்பில் தோற்றம் என்ற பன்னிரண்டு கண்ணிகளையும் மணிமேகலை பேதைமை தொடங்கித் தமிழில் சொல்லிவிடுகிறது. புதியவர் நடுவிலுள்ள நான்கைப் பிடித்தால் போதும்: ஊறு (புலனில் ஒன்று படுவது), நுகர்வு, வேட்கை, பற்று. தொலைபேசி அதிர்கிறது, ஊறு. இனிமையான ஒரு துடிப்பு, நுகர்வு. எடுத்துப் பார்க்க வேண்டும், வேட்கை. கை அங்கே போய்விட்டது, பற்று. நுகர்வு தானாக வரும், தடுக்க முடியாது. அதற்கும் வேட்கைக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. கடைப்பிடி வேலை செய்யும் இடம் அதுதான்.

படி 7: வினை, மறுபிறவி, ஆசிரியர், நூல்

வினை என்பது எண்ணிச் செய்யும் செயல். 'எண்ணத்தையே வினை என்கிறேன்' என்றார் புத்தர். நடப்பதெல்லாம் முன்வினைப் பயன் என்று நம்புகிறவர்களைப் பற்றிச் சீவகர் என்ற துறவி கேட்டபோது, அது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம், கவனக்குறைவு போன்ற காரணங்களாலும் துன்பம் வரும். வினை அவற்றில் ஒன்று. நோயாளியைப் பார்த்து 'போன பிறவியில் என்ன செய்தாரோ' என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

மறுபிறவியைப் புத்தர் கற்பித்தார், அதில் ஐயமில்லை. ஆனால் அதை ஏற்றால்தான் பயிற்சியைத் தொடங்கலாம் என்று நிபந்தனை போடவில்லை. மறுபிறவி இருந்தால் நல்ல கதி, இல்லாவிட்டாலும் இந்தப் பிறவியிலேயே பகையின்றி வாழலாம் என்று காலாமர் எனப்பட்ட மக்களிடம் சொன்னார். அதே காலாம சுத்தத்தை, 'உன் அறிவுக்குப் பட்டதை மட்டும் நம்பு' என்று சுருக்கிப் பரப்புகிறார்கள். வெறும் தருக்கத்தையும் தனக்குப் பிடித்த கருத்தையும்கூட நம்பிவிடாதே என்று அது சொல்வதைச் சேர்த்துப் படியுங்கள். 'இவர் நம் ஆசான்' என்பதற்காகவும் ஏற்க வேண்டாம் என்கிறது. ஆசிரியரைத் தேடும்போது இது கைகொடுக்கும். கேள்வி கேட்டால் கோபப்படுகிறவரையும், உங்கள் பணத்திலும் தனிமையிலும் அக்கறை காட்டுகிறவரையும் விட்டு விலகுங்கள்.

மரபுகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இலங்கை, மியான்மர், தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் நாடுகளில் தேரவாதம். சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாமில் மகாயானம். திபெத், பூட்டான், மங்கோலியாவில் வச்சிரயானம். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவியதிலிருந்து வளர்ந்தது நவயானம். சமூக விடுதலை அதன் மையம். நான்கு உண்மைகளுக்கு ஒவ்வொன்றும் தரும் இடமும் விளக்கமும் வேறுபடும். ஓராண்டு ஏதாவது ஒன்றில் இருந்துவிட்டு ஒப்பிடுங்கள்.

படிக்க, 423 செய்யுள்கள் கொண்ட தம்மபதம். நாளுக்கு ஒரு செய்யுள் போதும். குடும்பம், நட்பு, பணம் பற்றி அறிய சிகாலோவாத சுத்தம். வருமானத்தை நான்காகப் பிரித்து ஒன்றைச் செலவுக்கும், இரண்டைத் தொழிலுக்கும், ஒன்றை ஆபத்துக் காலத்துக்கும் வைக்கச் சொல்வதும் அதில்தான். பிறகு விழிப்பான கவனத்தைப் பற்றிய சதிபட்டான சுத்தம். நுணுக்கமான தத்துவப் பகுதியான அபிதம்மத்தை இப்போது தொட வேண்டாம்.

புத்தம் சரணம் கச்சாமி என்று தொடங்கும் மூன்று சரணங்களை எப்போது சொல்வது என்று சிலர் கேட்பார்கள். விகாரையில் பிக்கு ஒருவர் முன்னிலையில் மும்முறை சொல்லி, ஐந்து சீலங்களையும் ஏற்பது வழக்கம். அதற்குக் காலக்கெடு இல்லை. முதல் படியில் மடித்து வைத்த கேள்விகளில் எவை இன்னும் உங்களை விடவில்லை என்று பார்த்துவிட்டு, அவற்றை அந்த பிக்குவிடமே கேட்கலாம்.